கேட்பதற்காக வந்த வேட்பாளர்

தேர்தல் காலத்தில் வேட்பாளர் ஊருக்கு வருவார், பேசுவார், போவார். மக்கள் கேட்டுக்கொண்டிருப்பர். இந்த வழமையை மாற்ற முயன்ற ஒரு பெண்ணைப் பற்றி நாம் சிந்திப்பது பயனுள்ளது.

மெக்சிக்கோ நாட்டின் ஹலிஸ்கோ மாநிலத்தில் துஷ்பான் என்னும் ஊரைச் சேர்ந்தவர் மரியா டி ஹெசூஸ் பற்றிசியோ. மக்கள் அவரை மரிச்சூயி என்று அழைப்பர். நஹூவா இனத்தவரான இவர் ஒரு மூலிகை வைத்தியர். ஆதிக்குடிகளின் தேசிய காங்கிரஸ் 2017 மே மாதத்தில் அவரைத் தம் பேச்சாளராகத் தெரிவு செய்தது. 2018ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவரைச் சுயேச்சையாக நிறுத்துவதே நோக்கம்.

2017 ஒக்டோபரில் சியாப்பாஸ் மாநிலத்திலிருந்து அவர் ஊர் ஊராகச் சென்றார். சுரங்கக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்ட மலைகள், பறிபோன தண்ணீர், அழிந்த காடு, காணிகளுக்கூடாகப் போடப்பட்ட எரிவாயுக் குழாய்கள் ஆகியவை பற்றி ஊரவர்கள் முறையிட்டனர். அவர் செவிமடுத்தார். 'எனக்கு வாக்களியுங்கள்' என்பதைவிட 'ஒன்றுபடுங்கள்' என்பதையே அவர் அழுத்திச் சொன்னார்.

வேட்பாளராவதற்கு 8 இலட்சத்து 66 ஆயிரத்து 593 கையொப்பங்கள் தேவைப்பட்டன. அவற்றைக் கைத்தொலைபேசிச் செயலி மூலம் சேர்க்க வேண்டும் என்பது விதி. மின்சாரமே ஒழுங்காக இல்லாத மலைக்கிராமத்தில் இது எப்படி நடக்கும்? மிக வறிய சில பகுதிகளில் தாளில் சேர்க்க அனுமதி இருந்தது. ஆயினும் 2018 பெப்ரவரியில் தவணை முடிந்தபோது 2 இலட்சத்து 80 ஆயிரமளவில்தான் சேர்ந்திருந்தது. வாக்குச்சீட்டில் அவர் பெயர் வரவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் மட்டும் அது நீதியாகிவிடாது என்பதே எமது கருத்து.

'வெல்லக்கூடிய பெரியவர் ஒருவரை ஆதரித்திருந்தால் பயன் கிடைத்திருக்குமே' எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அத்தேர்தலில் வென்ற லோபெஸ் ஒப்ரடோர், மொரெலோஸ் மாநிலத்தில் ஹுவெஸ்கா அனல்மின் நிலையத்தை 2014இல் எதிர்த்துப் பேசியவர். ஜனாதிபதியான பின் 2019இல் அதே நிலையத்தை இயக்க வேண்டும் என்றார். அதை எதிர்த்து நின்ற கமக்காரர் சமீர் புளோரஸ் 2019 பெப்ரவரி 20ஆம் திகதி கொல்லப்பட்டார். மின்நிலையம் பற்றிய மக்கள் வாக்கெடுப்புக்கு மூன்றே நாட்கள் இருந்தன. பெரியவரின் வாக்குறுதியை மாத்திரம் நம்பியிருந்த ஊருக்கு அன்று என்ன துணை இருந்திருக்கும்?

மரிச்சூயியின் பயணம் தேர்தலில் தோற்றது உண்மை. ஆனால் தனித்தனியே அழுதுகொண்டிருந்த ஊர்கள், மற்ற ஊர்களுக்கும் அதே துன்பம்தான் என்று அறிந்துகொண்டன. ஒரு வேட்பாளர் செய்யக்கூடிய நல்ல பணி அதுவே என நாம் கருதுகிறோம்.

காணியை விட்டு வந்து வாழும் எமது குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அடுத்த முறை யாராவது வாக்குக் கேட்டு வருமுன், நாம் ஒன்றுகூடுவோம். எமது குளம், கிணறு, காடு, வயல் என்ன நிலையில் உள்ளன என எழுதிவைப்போம். வருபவர் முதலில் அதைக் கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலையும் திகதியிட்டு அதே கொப்பியில் எழுதி, அவர் வென்றாலும் தோற்றாலும் அதைப் பத்திரமாக வைத்திருப்போம்.