சுளுக்கு எடுக்கும் முன் நாலடி நடந்து பாருங்கள்!

‘‘ஒண்ணுமில்லே... சுளுக்குதான். ரெண்டு உருவு உருவினா சரியாப் போயிடும்!’’

கால் பிசகிய வீட்டில் முதலில் கேட்கும் வசனம் இதுதான். சித்த மருத்துவனான நான் சொல்கிறேன்... பிசகிய காலை அன்றைக்கே உருவ விடாதீர்கள்!

‘எண்ணெயும் தொக்கணமும் உங்க வைத்தியம்தானே டாக்டர்? நீங்களே இப்படிச் சொல்லலாமா?’ என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும்.

ஓர் இல்லத்தரசி என்னிடம் வந்தார். மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்திருக்கிறார். இன்னும் ஒரு படி பாக்கி! பாதம் மடங்கிவிட்டது. மூன்று நாள் விடாமல் சுளுக்கு எடுத்திருக்கிறார்கள். பத்தாம் நாள் வீங்கிய காலோடு வந்தவரை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்திருந்தது. முறிந்த எலும்பின் மேல்தான் மூன்று நாள் உருவியிருக்கிறார்கள்!

ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகள், 33 மூட்டுகள். முழங்காலிலிருந்து இறங்கி வரும் இரண்டு எலும்புகளின் முனைகள்தான் கணுக்காலின் இரு பக்கமும் புடைப்பாகத் தெரிகின்றன. அவை இடுக்கி போலப் பிடித்திருக்க, நடுவே ஓர் எலும்பு உட்கார்ந்திருக்கிறது. பாதம் மேலும் கீழும் அசைவது இந்த மூட்டில். அதற்குக் கீழே, குதிகால் எலும்போடு சேருமிடத்தில் இன்னொரு மூட்டு. பாதம் உள்ளேயும் வெளியேயும் சாய்வது அதில்.

இவற்றைக் கட்டி வைத்திருப்பவை ஜவ்வுகள். உள்பக்க ஜவ்வு தடித்த பட்டை. வெளிப்பக்கம் இருக்கும் மூன்றில் முன்னால் உள்ளது பலவீனமானது. பாதம் பெரும்பாலும் உள்பக்கமாகத்தான் புரளும். உடனே அந்த வெளி ஜவ்வு இழுபடும், கிழியும். ‘நரம்பு பிசகிடுச்சு’ என்கிறோமே, நடந்தது இதுதான். கிழிந்த துணியை மேலும் இழுத்தால் ஒட்டுமா?

எலும்பு முறிவா, வெறும் சுளுக்கா? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் எளிய வழி ஒன்று சொன்னார்கள். விழுந்தவுடனும் பிறகும் நாலடி வைக்க முடியவில்லையா? கணுக்கால் புடைப்புகளின் நுனியிலோ பின் ஓரத்திலோ அழுத்தினால் எலும்பே வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்து நடு எலும்பிலோ, உள்வளைவுக்கு மேலே உள்ள எலும்பிலோ அதே வலியா? ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு வலியே தெரியாது. அவர்கள் இந்தச் சோதனையை நம்பாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

முறிவு இல்லையென்றால், முதல் இரண்டு மூன்று நாள் காலுக்கு ஓய்வு. துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். கிரேப் பேண்டேஜ் கட்டி, தலையணை மேல் காலைத் தூக்கி வையுங்கள். சூடும் வேண்டாம், உருவலும் வேண்டாம். வீக்கம் வடிந்த பிறகு நொச்சி இலை ஒற்றடம் இதமாக இருக்கும்.

என் துறைக்காரர்கள் சிலர் கோபிக்கலாம். சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32. தொக்கணம் அதில் ஒன்றுதான். கட்டும் உண்டு, பற்றும் உண்டு. எந்த நாளில் எது என்று தெரிந்து செய்வதற்குப் பெயர்தான் வைத்தியம்.

வலி போனதும் மறந்துவிடாதீர்கள். பாதம் எப்படிச் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் ஜவ்வில் இருக்கின்றன. அடிபட்டபின் அந்தச் சேதி சரியாகப் போவதில்லை. அதனால்தான் ஒருமுறை பிசகிய கால் மறுபடி பிசகுகிறது. நன்றாக ஊன்ற முடிந்ததும், தினமும் சுவரோரம் அந்த ஒற்றைக் காலில் அரை நிமிடம் நின்று பழகுங்கள்.

அடுத்த முறை பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தால், ‘‘கொஞ்சம் இருங்க பாட்டி... முதல்லே நாலடி நடந்து பார்த்துடறேன்’’ என்று சொல்லுங்கள்!