"சாரி சார்" மட்டும் இங்கிலீஷ் இல்லை



"ஹோட்டலில் பேச நூறு ஆங்கில வாக்கியங்கள்" என்ற பட்டியலை இந்த வாரம் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். ரிசப்ஷனில் நிற்பவருக்கு ஐம்பது, தங்க வருபவருக்கு ஐம்பது. முழுக்கப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இது இங்கிலீஷ் கற்றுத்தரவில்லை. கைகட்டி நிற்கக் கற்றுத்தருகிறது.

ரிசப்ஷன் பக்கம் பாருங்கள். "வெல்கம் சார்", "ஷ்யூர் சார்", "சாரி சார்". ஐம்பதில் ஒன்றுகூட "முடியாது" என்று சொல்லவில்லை. தங்க வருபவர் பக்கம் போனால் துண்டு கேட்கிறார், லிஃப்ட் எங்கே என்று கேட்கிறார். பணத்தைப் பற்றி "ஹௌ மச்" என்ற இரண்டு சொல்லோடு சரி.

ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்கும்போது பத்து ரூபாய் குறைக்கக் கால் மணி நேரம் வாதாடும் நம் ஆட்கள், பெங்களூர் ஹோட்டலில் மட்டும் சொன்ன தொகையை எண்ணி வைத்துவிட்டு வருகிறார்கள். இங்கிலீஷ் வராதது பாதிக் காரணம். எதையெல்லாம் கேட்கலாம் என்று யாரும் சொல்லித்தராதது மீதிக் காரணம்.

நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

"வாட் இஸ் தி செக்-அவுட் டைம்?" இதை முதலில் கேளுங்கள். நம் பக்கத்து லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. இரவு 8 மணிக்கு வந்தால் மறுநாள் இரவு 8 வரை அறை நம்முடையது. பெரிய ஹோட்டல்களில் அப்படியில்லை. எத்தனை மணிக்கு வந்தாலும் மறுநாள் பகல் 11 அல்லது 12க்குக் காலி செய்யச் சொல்வார்கள். கேட்காமல் இருந்தால் இன்னொரு நாள் வாடகை கேட்பார்கள்.

"இஸ் தட் வித் டாக்ஸ்?" 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு முன் 12 ஆக இருந்தது. 7,500க்கு மேல் போனால் 18.

"ப்ளீஸ் ரிமூவ் தி சர்வீஸ் சார்ஜ்." சாப்பாட்டு பில்லில் இதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கொடுப்பது உங்கள் விருப்பம்.

"காம்ப்ளிமென்டரி" என்றால் இலவசம். காலை டிபன் அப்படி என்றால் தைரியமாகப் போய்ச் சாப்பிடுங்கள். அறையில் உள்ள குட்டி ஃபிரிட்ஜில் இருப்பதற்குப் பெரும்பாலும் காசு உண்டு. தொடும் முன் கேளுங்கள்.

இனி ரிசப்ஷனில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு. ஏற்காட்டிலிருந்து துபாய் வரை இருக்கிறீர்கள். இரவு 11 மணிக்கு ஒருவர் வந்து, தனியாகத் தங்கியிருக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி அறை எண் கேட்கிறார். உறவினர் என்கிறார், சத்தம் போடுகிறார். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் "ஷ்யூர் சார்" என்றால் என்ன ஆகும்? அறை எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். "ஐ கேனாட் கிவ் ரூம் நம்பர்ஸ், சார். ப்ளீஸ் கால் ஹர் ஆன் யுவர் ஃபோன்." இந்த இரண்டு வரி அந்த நூறில் இல்லை. ஓர் உயிரைக் காக்கிற வாக்கியத்தை விட்டுவிட்டு "ஹேவ் எ ப்ளஸன்ட் ஸ்டே"யை மூன்று விதமாகச் சொல்லித்தருகிறார்கள்.

"ஹோட்டல் வேலை என்றால் பணிவு வேண்டாமா வாத்தியாரே?" என்பீர்கள். வேண்டும். பணிவு வேறு, பயம் வேறு. மேலே எழுதிய வாக்கியங்களில் "ப்ளீஸ்" இருக்கிறது, "சார்" இருக்கிறது, பயம் மட்டும் இல்லை. வாடிக்கையாளரிடம் மரியாதையாக மறுக்கத் தெரிந்தவர்தான் மேலாளர் ஆகிறார்.

இன்னொன்று. சேலத்தில் உங்கள் முன் நிற்பவர் தமிழர் என்றால் தமிழிலேயே பேசுங்கள் கண்ணு. வேட்டி கட்டிய பெரியவரிடம் "யுவர் ஐ.டி. ப்ரூஃப்" என்று கேட்டு அவரை விழிக்க வைப்பது திறமை ஆகாது.

ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தவன் சொல்கிறேன். எந்த மொழியைக் கற்றாலும் கேட்கவும் மறுக்கவும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள், நன்றியும் மன்னிப்பும் தானாக வரும். அடுத்த முறை அந்த நூறு வாக்கியப் பட்டியலை அனுப்பும் முன் அதில் "நோ" எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். அதுதான் இந்த வார வீட்டுப்பாடம்.