கயிற்றின் மறுமுனை

நாம் பணியாற்றும் கல்லூரியில் சென்ற பருவத்தில் இறுதியாண்டு மாணவர்க்கு ஆளுமைப் பயிலரங்கு ஒன்று நடந்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்றுநர், உடன் பணிபுரிவோரிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று திரையில் படங்காட்டி விளக்கினார். முகமலர்ச்சி, செவிமடுத்தல், ஓடிச்சென்று உதவுதல். இறுதியில் ஆம்பூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, தோல் ஷாப்புல தொட்டி கழுவ எறங்குனவரு மயங்கி விழுந்துட்டா, கூட இருக்கிறவரு குதிச்சுத் தூக்கணுமா, கூடாதா?”

பயிற்றுநர் சற்றே தயங்கி, உதவத்தான் வேண்டும் என்றார். கைதட்டல் எழுந்தது. நாமும் தட்டினோம். தட்டியது பிழை என்பது வீடு திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது.

இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் வாழும் நமக்குத் தோல் பதனிடும் முறை புதிதன்று. மயிர் நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். பின்னர், குரோமியம் ஏற்றுமுன், அமிலமும் உப்பும் கலந்த நீரில் தோலை ஊறவைப்பார்கள். இவ்விரண்டின் கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். அழுகிய முட்டை நாற்றம் என்று பாடநூல் சொல்லும். செறிவு மிகும்போதோ மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. காற்றைவிடக் கனமான வாயு ஆதலால் அடியில் தேங்கிக் கிடக்கும். இறங்கியவர் ஓரிரு மூச்சில் சாய்வார். பார்த்தவர் பதறிக் குதிப்பார். ‘காப்பாற்றச் சென்றவரும் பலி’ என்ற செய்தி நம் பகுதிக்குப் பழகிப்போன ஒன்று.

1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் பாலாறு நாடறிந்த பேச்சாயிற்று. (ஆற்றைப் பற்றி நாமும் நிறையவே பேசியிருக்கிறோம்.) தொட்டியின் அடியைப் பற்றிப் பேசியது குறைவு.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனைப் பேசியிருந்தது. அதன் 36ஆம் பிரிவின்படி, நச்சுவாயு இல்லையெனத் தகுதியுடையவர் சோதித்து எழுத்தில் சான்றளிக்க வேண்டியிருந்தது. இல்லையேல், இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்புவாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டியிருந்தது. தோழமைக்கு இதைவிடத் துல்லியமான வரையறையை நாம் எந்தப் பயிலரங்கிலும் கேட்டதில்லை. அவர் தேநீருக்கு நகரக்கூடாது. கைப்பேசியை எடுக்கக்கூடாது. நெஞ்சு அடித்துக்கொண்டாலும் குதிக்கக்கூடாது.

அதனினும் கடினமான பண்பு ஒன்றுண்டு. சோதித்தாயிற்றா, கயிறு எங்கே என்று இறங்குமுன் மேற்பார்வையாளரைக் கேட்பது. ஒப்பந்தக் கூலியாள் தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இராது. ஆகவே ஒருவர் மறுத்தவுடன் உடனிருக்கும் நால்வரும் “நாங்களும் எறங்க மாட்டோம்” என்று நிற்பதே நாம் வளர்க்க வேண்டிய பண்பு. முதலாளி வாங்கித்தர வேண்டிய கருவிக்குத் தொழிலாளியின் தியாகம் ஈடாகாது. அத்தியாகத்தை நாம் மேடையில் புகழ்வது, கருவி வாங்காதவர்க்கு வசதியாகிவிடுகிறது.

மறுநாள் அம்மாணவரை அழைத்து, குதிக்கக் கூடாது என்பதே சரியான விடை என்றோம். தலையசைத்தார்.

“எங்கப்பா குதிக்கல ஐயா. கயிறு கேட்டுக் கத்திக்கிட்டே ஓடுனாரு. வர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு. எங்க தெருவுல அப்பாவ இன்னும் ஒரு மாதிரிதான் பேசுறாங்க.”