கத்தாமாவின் பாஸ்போர்ட் எங்கே?

தமிழ் சினிமாவில் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ‘வெற்றிக் கொடி கட்டு’ (2000) படத்தில் வெளிநாட்டு வேலைக்காக ஏஜென்ட்டிடம் பணத்தைப் பறிகொடுப்பவர்கள் ஆண்கள். துபாய்க் கதை அளந்து நம்மைச் சிரிக்கவைக்கும் வடிவேலுவும் ஆண்தான். ஒடுகத்தூரில் நான் பார்க்கும் கணக்கு வேறு. காலையில் ஷூ கம்பெனி வேனுக்கு நிற்கும் பெண்களில் ஒருத்தியின் அக்கா குவைத்தில் இருப்பாள், இன்னொருத்தியின் அம்மா ரியாத்தில். கம்பெனிச் சம்பளத்தில் அடையாத கடனை அடைக்க வீட்டு வேலைக்குப் போனவர்கள் அவர்கள். இவர்களைப் பற்றி நம் சினிமாவுக்கு ஒரு கதைகூடத் தோன்றவில்லையா?

2015இல் எங்கள் வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருவர் ரியாத்தில் வேலை செய்த வீட்டிலிருந்து தப்ப முயன்றபோது வலது கையை இழந்தார். வீட்டார் வெட்டியதாக அவர் சொன்னார். தப்பும்போது விழுந்ததில் நேர்ந்தது என்றது சவுதி தரப்பு. அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் கண்டித்தார். கை போனதால் செய்தியானது. தூக்கமும் சோறும் சம்பளமும் மட்டும் பறிபோகிறவர்கள் எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

சினிமாவும் காயத்தைத்தான் தேடுகிறது. மலையாளத்தில் கமல் இயக்கிய ‘கத்தாமா’வை (2011) மதிக்கிறேன். கத்தாமா என்றால் வீட்டுப் பணிப்பெண். அவளை மையமாக வைத்து ஒரு படம் எடுக்க அவர்களுக்காவது மனம் வந்ததே. கணவனை இழந்து சவுதிக்குப் போய், அடிபட்டு, தப்பி ஓடும் பெண்ணாக காவ்யா மாதவன் நடித்தார். ஆனால் அவள் ஓடத் தொடங்கியதும் கதையின் பொறுப்பு அவளைத் தேடும் ஆண் சமூக சேவகரின் கைக்குப் போகிறது. ‘அரபு வீடுகளே இப்படித்தான்’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாமும் எழுந்துபோகலாம். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு வார விடுமுறை உண்டா என்ற கேள்வி குறுக்கே வராது.

கெட்ட எஜமானிதான் சிக்கல் என்றால் நல்ல எஜமானி கிடைத்தால் தீர்ந்துவிடும். அப்படித் தீராது. கஃபாலா முறையில் பணிப்பெண்ணின் விசா முதலாளியோடு கட்டப்பட்டது. அனுமதியில்லாமல் வாசலைத் தாண்டினால் அவள் ‘தப்பியோடியவள்’. எத்தனை அன்பானவராக இருந்தாலும் அவளது பாஸ்போர்ட் அவர் பீரோவில்தான் இருக்கும்.

இங்கே மட்டும் என்ன? குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயதாக வேண்டும் என்கிறது இந்திய அரசு. பாதுகாப்பாம்! ஏஜென்ட் சுற்றுலா விசாவில் அனுப்பிவிடுகிறான். இலங்கையில் மூதூரின் ரிசானா நபீக்குக்கு வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். தன் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் சவுதியில் 2013 ஜனவரி 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. படம் எடுக்க ஆசைப்படும் மாணவிகளே, வயதைத் திருத்தும் அந்த மேசையில் கேமராவை வையுங்கள்.

செனகலின் உஸ்மான் செம்பேன் 1966இலேயே வழிகாட்டிவிட்டார். ‘கறுப்புப் பெண்’ படத்தில் டக்காரிலிருந்து பிரான்சுக்குப் போகும் தியுவானாவை யாரும் வெட்டுவதில்லை. காபி, சமையல், துடைப்பம், அடைத்த வீடு என்றே நாட்கள் போகின்றன. அவள் மனக்குரலே கதை சொல்கிறது. அவள் தற்கொலை செய்துகொண்ட பிறகு எஜமானர் சம்பளப் பணத்தோடு அவள் ஊருக்கு வருகிறார். அம்மா அதை வாங்க மறுக்கிறாள்.