ஆங்கில வினையும் தமிழ் மாணவரும்

காரைக்குடியை அடுத்த பிள்ளையார்பட்டிக் குடைவரையிலே பழைய கல்வெட்டொன்று உளது. பெருந்தச்சன் ஒருவனைக் குறிப்பது அது. அதில் வினைச்சொல் யாதும் இல்லை. பெயர் மட்டுமே நின்று பொருளை முடிக்கின்றது. ‘அவர் ஆசிரியர்’ என்று நாம் நாடோறும் கூறுவதும் அத்தகையதே. ஆங்கிலேயரோ ‘இஸ்’ என்னும் வினையின்றி அவ்வாக்கியத்தை முடிக்கமாட்டார். அவ்வூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரி புகும் மாணவன் அச்சொல்லை விட்டெழுதினால், அவனை மந்தமதியன் என்பது எவ்வாற்றானும் பொருந்தாது. அவன் தன் தாய்மொழி இலக்கணத்தை வழுவின்றிப் பின்பற்றினான். பின்பற்றிய இடமே பிழை.

‘பிள்ளையார்பட்டி இஸ் ஹேவிங் எ டெம்பிள்’ என்பதனையும் நோக்குக. தமிழில் உடைமையைக் கூறுதற்குத் தனி வினை வழங்குவதில்லை. ‘அவ்வூரில் கோயில் இருக்கிறது’, ‘எனக்குத் தம்பியர் இருவர்’ என வேற்றுமையுருபு கொண்டே முடிக்கின்றோம். ‘ஹேவ்’ என்பது உடைமையைக் குறிக்குங்கால் செயலன்று, நிலை, ஆதலின் தொடர்வினையாகாது. உண்ணுதலைக் குறிக்குங்கால் அதுவே செயலாய், ‘ஹேவிங் லஞ்ச்’ எனத் தடையின்றி வரும். இவ்வேறுபாட்டை ஒருமுறை உணர்ந்தவன் பின்னர் மயங்கான். ஆனால் வகுப்பிலே கிடைப்பது பெரும்பாலும் சிவப்பு மைக்கோடு ஒன்றே!

‘நேற்று இங்கே வந்திருக்கிறான்’ என்பது நல்ல தமிழ். அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கின் வழுவாம்; ‘நேற்று’ எனக் காலம் வரையறுத்தபின் அங்கே ‘ஹேஸ் கம்’ நில்லாது.

எல்லாவற்றினும் இடர் தருவது எதிர்மறை வினாவே. “நீர் இன்னும் பணம் கட்டவில்லையா?” எனின், கட்டாத தமிழன் “ஆம்” என்பான், வினவியவர் கூற்றை உடன்படுகின்றான். ஆங்கிலத்திலோ அவன் “நோ” எனல் வேண்டும். “எஸ்” என்று விடுவானாயின், கட்டிவிட்டதாகவே கொள்வர். அலுவலகத்தின் முன்னும் நேர்காணலிலும் எத்துணை நேர்மையாளர் இவ்வொரு சொல்லாற் பொய்யராகத் தோன்றியிருப்பரோ!

குறை நம்பால் மட்டும் உளதென்று எண்ணற்க. ‘இவர் எத்தனையாவது தலைவர்?’ என்பதற்கு நேரான ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. சுற்றி வளைத்தே வினவவேண்டும். ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரண்டிற்கும் அவர்க்கு ‘வீ’ ஒன்றே.

சீகன்பால்கு ஐயர் 1716-ல் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழிலக்கணம் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டது. வீரமாமுனிவரும் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனிலேயே வரைந்தார். தாம் முன்னரே கற்ற இலக்கணத்தின் துணைகொண்டே அவர்கள் தமிழை அணுகினர். கால்டுவெல் ஐயரும் 1856-ல் மொழிகளை ஒப்புநோக்கியே தம் பெருநூலை வெளியிட்டார். அயல்நாட்டார்க்குத் தகுந்த வழி நமக்கு ஆகாதோ? நன்னூல் கற்கும் மாணவன் குறிப்புவினையை அறிவான்; ‘இஸ்’ என்பதனை அதனோடு வைத்துக் காட்டினால் அரைமணியில் விளங்கும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் வாய் திறப்பதே குற்றமென்று கருதும் வழக்கம் சிலவிடங்களில் இன்றும் உளது. அது கைவிடத்தக்கது. நம் கல்லூரியில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரத்தில் ஒருமணி நேரம் ஒருங்கிருந்து முதலாண்டு மாணவர்க்கு இரு மொழி வினைகளையும் ஒப்பிட்டுக் கற்பிப்பாராக. தொடங்குவதற்குப் புதுநூல் எதுவும் வேண்டா. சென்ற தேர்வின் திருத்திய விடைத்தாள்களே போதும்.