யாரு பாத்தா?

காரைக்கால்மேட்டில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒரு சாயங்காலம் 'நந்தனார்' பார்த்தோம். 1942இல் ஜெமினி எடுத்த படம். இப்போது யூடியூபில் கிடைக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எண்பதைத் தாண்டியவள், பண்ணையில் நடவு நட்டே முதுகு வளைந்தவள். நந்தன் பாட்டுகளைச் சின்ன வயசில் காதால் கேட்டே மனப்பாடம் பண்ணியவள். தண்டபாணி தேசிகர் வாயைத் திறந்ததும் அவளும் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

பாட்டு நல்லாத்தான் இருக்கு. அதை மறுப்பதற்கில்லை. தேசிகர் நம்ம பக்கத்துத் திருச்செங்காட்டங்குடிக்காரர். சிதம்பரம் போகணும் என்று அவர் உருகும்போது எனக்கும் கண் கலங்கியது. தோழர்களே, அந்தக் கண்ணீரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் கதை மேடைக்கு வந்ததில் காரைக்காலுக்கும் பங்குண்டு. நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில்தான் அச்சேறியது. அதன் பிறகு கதாகாலட்சேபம், நாடகம், சினிமா என்று ஊர் ஊராகப் போனது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளே நந்தனாக நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடே பேசியது.

பெரியபுராணத்தில் பண்ணையார் கிடையாது. வேதியர் என்ற நிலக்கிழாரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் பாரதி. தஞ்சைச் சீமையின் உண்மை அப்படித்தான் பாட்டுக்குள் நுழைந்தது. நந்தன் சாமியைப் பார்க்க சாமியிடம் கேட்க வேண்டியதில்லை, ஆண்டையிடம் லீவு கேட்கணும்! பக்தியை மீறி இது கூலிப் பிரச்சினையாகிவிடுகிறது. பாரதிக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அடுத்து என்ன நடக்கிறது? நாற்பது வேலி நிலத்தையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். ஒரே ராத்திரியில் சிவன் அருளால் பயிர் விளைந்து நிற்கிறது. அந்த இடத்தில் அப்பாயி பாட்டை நிறுத்தினாள்.

"ஏய்யா, ராத்திரி சாமி வந்து நட்டுச்சுன்னா, பகல்ல நாங்க நட்டதெல்லாம் என்ன?"

என்னிடம் பதில் இல்லை. நாலு தலைமுறையின் உழைப்பை ஒரு பாட்டில் சாமி கணக்கில் எழுதிவிட்டார்கள். வேதியர் நந்தன் காலில் விழுகிறார். நிலத்தில் ஒரு குழி குறையவில்லை, கூலியில் ஒரு மரக்கால் கூடவில்லை.

கடைசியில் தீ. பெரியபுராணத்தில் தீக்குள் போன நந்தன் பூணூலோடு முனிவராக வெளியே வருகிறான். அதாவது நந்தன் நந்தனாகக் கோயிலுக்குள் போகவே இல்லை. பறையனை எரித்துவிட்டுப் பார்ப்பானைத்தான் உள்ளே விட்டார்கள். படம் வந்தது 1942இல். 1939இலேயே மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்ம ஆட்கள் போயாயிற்று. அதற்குச் சட்டமும் வந்தாயிற்று. அப்புறமும் திரையில் நந்தன் தீயில் இறங்கிக்கொண்டிருக்கிறான்.

அப்பாயி மறுபடி கேட்டாள்: "உள்ள எறங்குனது சரி. சாமியோட சேர்ந்ததை யாரு பாத்தா?"

இதே கேள்வியை அந்தக் காலத்திலேயே கோலார் தங்கவயலில் நம் மக்கள் கேட்டதாகச் சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நந்தன் நடராசனோடு கலந்ததற்கு என்ன அத்தாட்சி என்று சுரங்கத் தொழிலாளிகள் எதிர்ப்புக் காட்ட, வாசன் தனியாக ஒரு காட்சி எடுத்து அந்த ஊருக்கு மட்டும் சேர்த்தாராம். பூமிக்கு அடியில் போய்த் திரும்பி வருகிறவனுக்குத் தெரியும், உள்ளே போனவன் வெளியே வந்தால்தான் கணக்கு.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். அந்தத் தீயிலிருந்து எந்த முனிவரும் எழுந்து வரவில்லை, சாம்பல்தான் வந்தது. 1973இல் உயர் நீதிமன்றம் பண்ணையார்களை விடுதலை செய்தது. நந்தன் தீயில் கலந்ததற்கு யாரிடமும் சாட்சி கேட்காத நாடு, வெண்மணித் தீக்கு நாம் சொன்ன சாட்சி போதாது என்றது.

படத்தைப் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. பாருங்கள், பாட்டைக் கேளுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். 1949இல் 'நல்லதம்பி'யில் கலைவாணர் 'கிந்தனார்' நடத்தி, நந்தனைச் சிதம்பரத்துக்குப் பதிலாகப் படிக்க அனுப்பினாரே, அதையும் சேர்த்துப் பாருங்கள். படம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் ஒரு கிழவி இருந்தால் அவளிடம் கேளுங்கள்.

அப்பாயி படுக்கப் போகும்போது அதே பாட்டை மறுபடி முணுமுணுத்தாள். பாட்டு அவளுடையதுதான். நாற்பது வேலியும் அவள் நட்டதுதான்.