கருவிக்கும் முத்திரை வேண்டும்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

என் தந்தையார் மளிகைக் கடை வைத்திருப்பவர். கடையிலுள்ள மின்னணுத் தராசை ஆண்டுக்கொரு முறை தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை பெற வேண்டும். முத்திரையில்லாத தராசில் ஒரு கிலோ துவரம்பருப்பு நிறுத்துக் கொடுத்தால் அபராதம்! ஆனால் முத்திரையில்லாத கருவி ஒன்றால் காந்தப்புலத்தை அளந்து, அந்த எண்ணை மூன்று தசம இடம் வரை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கொடுத்தால் பத்துக்குப் பத்து! இந்த முரண்பாட்டைப் பற்றியே சில சொற்கள் எழுத விழைகிறேன். நண்பர்கள் சினங்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இரண்டாமாண்டில் டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் கொண்டு புவிக் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறைக் காணும் சோதனை செய்தோம். எனக்குக் கிடைத்த விடை 0.33 காஸ். பக்கத்து மேசை நண்பனுக்கு 0.45. பழைய ரெக்கார்டுகளில் எல்லாம் 0.38 என்றிருந்தது. நாங்கள் என்ன செய்திருப்போம் என்று சொல்லவும் வேண்டுமோ? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, விலக்கக் கோணங்களை அதற்கேற்ப மாற்றி, இருவரும் 0.38 என்றே எழுதினோம். இருவருக்கும் முழு மதிப்பெண். இதில் வேடிக்கை என்னவென்றால், நம் தமிழ்நாட்டில் இன்று அந்தக் கூறு ஏறத்தாழ 0.40 காஸ். காப்பியடித்த விடையும் சரியில்லை!

இவ்வாண்டு எங்கள் பேராசிரியை ஒருவர் எங்கள் நால்வரிடம் நான்கு ஹால் உணரிகளைக் கொடுத்து, பழைய ஒலிபெருக்கியின் வட்டக் காந்தம் ஒன்றின் முகப்பில் புலம் எவ்வளவென்று காணச் சொன்னார். மூன்று கால்களும் மிளகளவு உடலும் கொண்ட கருப்புத் துண்டு அது. 49ஈ என்பது அதன் எண். விலை சில பத்து ரூபாய்களே. மின்சார ஸ்கூட்டரின் கைப்பிடியைத் திருகும்போது வேகத்தை உணர்த்துவது பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்த உணரிதான். எழுத்துப் பொறித்த முகம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், இடக்கால் 5 வோல்ட், நடுக்கால் எதிர்முனை, வலக்கால் வெளியீடு. நாங்கள் முகத்தைப் பாராமல் முதுகைப் பார்த்து இணைத்ததில் இரண்டு உணரிகள் விரல் சுடும் அளவுக்குக் கொதித்து உயிர்விட்டன. மிஞ்சியவை இரண்டு.

புலம் இல்லாதபோது வெளியீடு சுமார் 2.5 வோல்ட். காந்தத்தின் ஒரு துருவம் நெருங்கினால் ஏறும். மறு துருவம் நெருங்கினால் இறங்கும். குறிப்புத்தாளில் ஒரு காஸுக்கு 1.4 மில்லிவோல்ட் என்றிருந்தது. காந்தத்தின் முகப்பில் வெளியீடு 588 மில்லிவோல்ட் ஏறிற்று. 588ஐ 1.4ஆல் வகுத்தோம், 420 காஸ். அரை மணி நேரத்தில் முடித்துவிட்ட பெருமிதத்தோடு போய் நின்றோம்.

"இந்த 1.4 எங்கேர்ந்து வந்ததுப்பா?"

"குறிப்புத்தாள்ல இருக்குங்க மேடம்."

"உன் சென்சார் அந்தத் தாளைப் படிச்சிருக்கா?"

சிரித்தோம். ஆனால் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிற்று. 1.4க்கு இருபுறமும் குறைந்த அளவு 1.0, மிகுந்த அளவு 1.75 என்று அதே வரியில் அச்சிட்டிருந்தது! எங்கள் உணரி அந்த எல்லைக்குள் எங்கே நிற்கிறது என்பதை அச்சகத்தார் எப்படி அறிவார்? 336 முதல் 588 வரை எந்த எண்ணும் எங்கள் விடையாக இருக்கலாம். நாங்கள் அளந்தது காந்தத்தை அன்று, ஒரு தாளை.

அதன் பின் மூன்று வாரம் போயிற்று. மோட்டார் காயில் கட்டும் கடையில் 20 கேஜ் எனாமல் கம்பி 300 கிராம் வாங்கினோம். மின்குழாய்த் துண்டு ஒன்றின் மேல் 20 சென்டிமீட்டர் நீளத்திற்கு இரண்டடுக்காக 400 சுற்று சுற்றினோம். சராசரி ஆரம் 2 சென்டிமீட்டர். எண்ணிக்கை தவறி இருமுறை பிரித்துச் சுற்றியதை இங்கே விரிக்கவில்லை. இவ்வரிச்சுருளின் நடுவில் ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு புலம் என்பதை எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. சுற்று, நீளம், ஆரம் மூன்றுமே சொல்லிவிடும். நீண்ட சுருளுக்கான வாய்பாடு 25.1 காஸ் தருகிறது. எங்கள் சுருள் அத்தனை நீளமில்லாததால் முனைத் திருத்தம் இட்டால் 24.6. இந்த இரண்டு சதவீதத்தை நாங்கள் முதலில் மறந்து, பிறகு கண்டுபிடித்தோம்.

அடுத்த தொல்லை மல்டிமீட்டரில் வந்தது. 2.5 வோல்ட்டைப் படிக்க 20 வோல்ட் எல்லையில் வைத்தால் அது பத்துப் பத்து மில்லிவோல்ட்டாகத்தான் தாவும். எங்கள் புலமோ ஒரு ஆம்பியருக்கு நாற்பது மில்லிவோல்ட் தருவதே பெரிது. காய்கறித் தராசில் தங்கம் நிறுப்பது போன்ற கதை. இரண்டு 4.7 கிலோ ஓம் மின்தடைகளுக்கு நடுவே 1 கிலோ ஓம் பிரிசெட் ஒன்றை வைத்து, அதே 5 வோல்ட்டிலிருந்து 2.5 வோல்ட்டைப் பிரித்து எடுத்தோம். உணரியின் வெளியீட்டுக்கும் பிரிசெட்டின் நடுக்காலுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் 200 மில்லிவோல்ட் எல்லையில் படித்தால் 0.1 வரை தெரிகிறது. உணரியின் சுழிநிலை வெளியீடு அதற்கு ஊட்டும் மின்னழுத்தத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவது, எங்கள் 2.5 வோல்ட்டும் அப்படியே. ஆகவே ஊட்டும் மின்னழுத்தம் சற்று ஆடினாலும் சுழி அவ்வளவாக ஆடாது. இந்த ஏற்பாடு சரியாக அமைந்த நாளன்று நாங்கள் மதிய உணவுக்குப் போகவில்லை.

ஒவ்வொரு மின்னோட்டத்திற்கும் திசையை மாற்றி இருமுறை படித்து, வேறுபாட்டில் பாதியை எடுத்துக்கொண்டோம். சுழிப் பிழையும் புவியின் புலமும் அதில் அடிபட்டுப் போகும். 2 ஆம்பியரில் சுருள் சூடேறி, உணரியும் சூடேறி, சுழி மெல்ல நகர்ந்ததால் படித்தவுடன் மின்னோட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. உணரியின் முகம் சுருளின் அச்சுக்கு நேராக இல்லாமல் பத்துப் பாகை சாய்ந்தாலும் ஒன்றரை சதவீதம் குறையும். இத்தனைக்கும் பிறகு 49.3 காஸுக்கு 79.8 மில்லிவோல்ட். அதாவது காஸுக்கு 1.62. அம்மீட்டருக்கு யார் முத்திரை போட்டது என்று நண்பன் கேட்டான். நல்ல கேள்வி! இரண்டு மீட்டர்களை வரிசையில் இணைத்துப் பார்த்தோம். 2 ஆம்பியரில் 0.03 வேறுபட்டன. ஆகவே 1.62 என்பதில் கடைசி இலக்கத்தை நாங்கள் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

இந்தக் கணக்கின்படி காந்தத்தின் புலம் 420 அன்று, 363 காஸ். ஆனால் 50 காஸ் வரை மட்டுமே சோதித்த உணரியை 363க்கு நம்புவது எப்படி? அதற்கும் மேலே நேர்கோட்டில்தான் போகிறது என்பதற்கு மீண்டும் அந்தத் தாள்தான் சாட்சி. இதையும் ரெக்கார்டில் எழுதினேன். மாதிரிச் செய்முறைத் தேர்வில் ரெக்கார்டைப் புரட்டியவர், "விடையை உறுதியாக எழுதாமல் இதென்ன வழவழா கொழகொழா" என்று அந்தப் பக்கத்துக்கு எட்டு மதிப்பெண்ணாகக் குறைத்தார். பொய்யான 0.38க்குப் பத்து, மெய்யான 363க்கு எட்டு. இரண்டு மதிப்பெண் பெரிதன்று. ஆனால் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாமாண்டுத் தம்பி எதைக் கற்றுக்கொள்வான்?

இந்த விளைவைக் கண்டவரே ஒரு மாணவர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். 1879இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் ஆராய்ச்சி மாணவர். இருபத்து நான்கு வயது நிரம்பவில்லை. காந்தப்புலத்தில் விசை கடத்தியின் மேல்தான் செயற்படுகிறது, மின்னோட்டத்தின் மேல் அன்று என்ற பொருளில் மாக்ஸ்வெல் தம் பெருநூலில் எழுதியிருந்தது அவர் மனத்துக்கு ஒப்பவில்லை. ஆசிரியர் ரௌலண்டிடம் கேட்டார். அவரும் அதை ஐயுற்று முன்பே ஒரு சோதனை செய்து பயன் காணாதவர். ஹால் முதலில் மின்தடை மாறுகிறதா என்று பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண்ணாடித் தகட்டில் ஒட்டிய தங்கத் தாளின் குறுக்கே கால்வனோமீட்டரை இணைத்தபோது ஊசி நகர்ந்தது, நகர்ந்த இடத்தில் நின்றது. எலக்ட்ரான் என்ற துகளை ஜே. ஜே. தாம்சன் கண்டது 1897இல்தான். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே இது! புத்தகத்தில் உள்ளபடி வரவில்லையே என்று ஹால் பின்னோக்கிக் கணக்குப் போட்டிருந்தால்?

நம் தவறான விடைகளெல்லாம் கண்டுபிடிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நம் கைப்பிழையே. ஆனால் அழித்துவிட்டால் அது எந்தப் பிழை என்பதும் தெரியாமற் போகிறது.

நம் பாடத்திட்டத்தில் அளவுத்திருத்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மின்னழுத்தமானியையும் 1.08 வோல்ட் டேனியல் கலத்தையும் கொண்டு வோல்ட்மீட்டரை அளவுத்திருத்தம் செய்து, திருத்த வரைபடம் வரைந்து ஒட்டுகிறோம். அடுத்த வாரம் அதே வோல்ட்மீட்டரை எடுத்து, அந்த வரைபடத்தை ஒருமுறையும் திரும்பிப் பாராமல், அது காட்டுவதை அப்படியே எழுதுகிறோம்! முத்திரை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு, முத்திரையில்லாத தராசில் வியாபாரம் செய்வதை என் தந்தையாரிடம் சொன்னால் நகைப்பார்.

"முப்பது மாணவர்கள், மூன்று மணி நேரம், இதற்கெல்லாம் பொழுதேது?" என்று பேராசிரியர்கள் கேட்கலாம். நியாயம்தான். மூன்று வாரத்தை ஒவ்வொருவரும் செலவிட வேண்டாம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு குழு ஒரு கருவியைத் திருத்தி, அதன் முதுகில் மதிப்பையும் பிழையையும் தேதியையும் எழுதிய சீட்டை ஒட்டட்டும். அடுத்த குழு அதை நம்பாமல் ஒரே ஒரு புள்ளியில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தட்டும். பழைய ரெக்கார்டுகளை ஆய்வகத்திலிருந்து அகற்றட்டும். பத்து மதிப்பெண்ணில் மூன்றை, "இவ்விடை ஏன் இவ்வளவு விலகிற்று" என்பதற்கு ஒதுக்கட்டும். கைப்பேசியிலேயே காந்தமானி இருக்கிறதே என்று சில நண்பர்கள் சொல்கின்றனர். இருக்கிறது. திசை காட்டத் தொடங்குமுன் எட்டுப் போல ஆட்டச் சொல்கிறதே, அது எதற்கு? தன் சுழியைத் திருத்திக்கொள்ளத்தான். நம்மைவிடக் கைப்பேசிக்கு ஒழுக்கம் அதிகம்!

1980இல் வான் கிளிட்சிங் என்ற ஜெர்மானியர், மிகுந்த குளிரிலும் வலிய புலத்திலும் ஹால் மின்தடை 25,812.807 ஓம் என்ற அளவிலும் அதன் முழுஎண் பங்குகளிலும் படிப்படியாக நிற்பதைக் கண்டு, 1985இல் நோபல் பரிசு பெற்றார். உலகெங்கும் தேசிய அளவை ஆய்வகங்களில் ஓமுக்கு இறுதித் தராசு இன்று அதுதான். எவரும் முத்திரையிட முடியாத இடத்தில் இயற்கையே இட்ட முத்திரை!

கடைசியாக ஒன்று. சென்ற மாதம் அதே டேஞ்சன்ட் கால்வனோமீட்டரை அதே மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வக உதவியாளர் அண்ணன் மேசையடியில் இருந்த இரும்பு முக்காலியை இழுத்தார். காந்த ஊசி நகர்ந்தது. மீண்டும் உள்ளே தள்ளச் சொன்னேன். பழைய இடத்துக்கு வந்தது. இரண்டாமாண்டில் அந்த முக்காலி அங்கேதான் இருந்தது. நான் அழித்த 0.33இல் அதற்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். முக்காலியை வராந்தாவில் போட்டுவிட்டோம். கையொப்பமான பக்கத்தை நான் திருத்தவில்லை, 0.38க்குப் பக்கத்தில் பென்சிலால் 0.33 என்று எழுதி, கீழே "முக்காலி" என்று குறித்து வைத்திருக்கிறேன்.